மூக்கில் படாத கண்ணாடி

மார்ச் 4

ராக்கெட்டு,

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததுமே உன் மகள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா உங்களைப் பார்க்க மாட்டேங்கறாங்க மாமா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. கீழே இறங்கி, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். போனிலும் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். உனக்குக் கடைசியாகக் கடிதம் எழுதியது நீ பஸ் ஓட்டும் பயிற்சிக்குப் போயிருந்தபோது. அப்போது எழுத எவ்வளவோ இருந்தது.

புற்று முழுக்க வெளியே வந்துவிட்டது, நெற்றித் தோலை எடுத்து மூக்கைக் கட்டியிருக்கிறார்கள் என்று உன் மகள் சொன்னாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மூக்கின் ஓரத்தில் புண்ணோடு மாதம் நான்கு பேராவது வருகிறார்கள். எல்லோருக்கும் காரணம் பேட்தான். ஃப்ரேமின் கனத்தை மூக்கில் தாங்குகிற அந்த இரண்டு சின்னத் திண்டுகள். பேட்டை மாற்றி, கொஞ்சம் விரித்துவிட்டால் பத்து நாளில் ஆறிவிடும். எட்டு பவர் லென்ஸைச் சுமக்கிற உனக்கும் அதைத்தான் செய்தேன். இரண்டு வருடத்தில் ஆறு தடவை. மனசாரச் செய்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

உன் மகளிடம் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். உன் பவரில் புது மூக்குக்கண்ணாடி. டைட்டானியம் ஃப்ரேம், சின்ன லென்ஸ், மொத்தம் பதினான்கு கிராம். மூக்கில் இருப்பதே தெரியாது. நீ கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாயே என்று நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்.

அண்ணன்


மார்ச் 9

மதிப்பிற்குரிய மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் டப்பாவும் கிடைத்தன. டப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காகிதத்தை முகத்துக்கு அரைச் சாண் தூரத்தில் வைத்து எழுதுகிறேன். வரி கோணினால் மன்னிக்கவும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

என் மகள் தங்களுக்குச் சுருக்கிச் சொல்லியிருக்கிறாள். விவரமாகச் சொல்கிறேன், தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் வெட்டுவது மட்டும். ஒரு அடுக்கு வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "இன்னும் இருக்கு" என்று வந்து இன்னொரு அடுக்கு. நடுவில் நான் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தடவை கதவு திறந்தபோது டாக்டரின் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நடந்து வந்த வேகத்திலேயே புரிந்துவிட்டது. மூன்றாவது அடுக்கோடு நின்றது. அதற்குள் மூக்கின் வலது பக்கம் போய்விட்டது.

மறுநாள் வேறொரு டாக்டரம்மா. இடது காதிலிருந்து ஒரு துண்டு குருத்தெலும்பை எடுத்து உள்ளே வைத்தார். நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோலை உரித்து, அடிப்பகுதி மட்டும் புருவத்தோடு ஒட்டியிருக்க, அதைக் கீழே திருப்பி மூக்கில் தைத்தார். ஒட்டியிருக்கிற அந்தக் காம்பு வழியாகத்தான் புது மூக்குக்கு ரத்தம் போகிறது. மூன்று வாரம் கழித்துத்தான் காம்பை வெட்டுவார்கள். அதுவரை என் புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சதைப் பாலம். மூக்கைத் தொட்டால் நெற்றியில் தொட்ட மாதிரி இருக்கிறது. தலையெழுத்து என்பார்களே, என்னுடையது இப்போது மூக்கில் இருக்கிறது.

இனி தங்கள் பதினான்கு கிராம் பற்றி. கைக்கண்ணாடியை முகத்தருகே கொண்டுவந்தால் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. போனில் ஒரு படம் எடுத்தேன், பார்க்கத் தைரியம் இல்லாமல் அழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை அறையில் யாரும் இல்லை. ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று தாங்கள் அனுப்பியதைப் போட்டுக்கொண்டு, குளியலறையில் இருந்த பெரிய கண்ணாடி முன்னால் நின்றேன். பார்த்தேன். பார்த்ததைத் தங்களிடம் சொல்ல விருப்பமில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்றும் தெரியாது. நர்ஸ் வந்து கையைப் பிடித்தாள். "யாரு இதைப் போடச் சொன்னது? கழட்டுங்க மொதல்ல." புது மூக்கின் விளிம்பு நீலமாகியிருந்தது. தங்கள் பேட் சரியாக அந்தக் காம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா ஓடிவந்தார். இரண்டு தையலைப் பிரித்து, ஊசியால் குத்தி, வருகிற ரத்தத்தின் நிறத்தைப் பார்த்தார். "ரெண்டு மூணு நாள் பார்க்கலாம். பிழைச்சா பிழைக்கும். இல்லன்னா முதல்லேருந்து" என்றார். இன்று மூன்றாம் நாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியைத் தங்களிடம் கேட்கிறேன். மூக்குக்கண்ணாடிக்குப் பேட் இரண்டு பக்கமும் உண்டு. புண் வலது பக்கம் மட்டும்தான் இருந்தது. பஸ்ஸில் என் ஜன்னல் பக்கம். பதினெட்டு வருடம் வெயில் அடித்த பக்கம். ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று தங்களுக்கு ஒரு நாளாவது தோன்றவில்லையா?

இப்படிக்கு,
தங்கள் பழைய வாடிக்கையாளர்


மார்ச் 12

ராக்கெட்டு,

விளிம்பு என்ன ஆயிற்று? ஒரே ஒரு வரி எழுது. உன் கடிதம் வந்து சேர மூன்று நாள் ஆகியிருக்கிறது. டாக்டரம்மா சொன்ன கெடு முடிந்தாயிற்று. பதில் உன் முகத்தில் இருக்கிறது, நான் இங்கே கடையில் உட்கார்ந்து யாருக்கோ பவர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் மகளும் போனை எடுக்கவில்லை.

பதினான்கு கிராம் என்று பெருமையடித்துக்கொண்டேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் எழுதிய கடிதத்தை மனசுக்குள் நூறு தடவை படித்துப் பார்த்துவிட்டேன், அந்த வார்த்தை எங்கேயும் இல்லை. போட்டுக்கொள் என்றுதான் முடித்திருக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில். உன் வலது காது இடது காதைவிட மூன்று மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. எந்த ஃப்ரேம் போட்டாலும் வலது பக்கம் சாயும், கனம் அந்தப் பக்கம் இறங்கும். அதனால் புண் ஒரு பக்கம் மட்டும் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. வேறு யாராவது அப்படி வந்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். உன் முகம் எனக்கு மனப்பாடம், அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

ஒரு வரி எழுது.

அண்ணன்


மார்ச் 16

விளிம்பில் அரிசி அளவுக்குக் கருகி உதிர்ந்தது. மீதி பிழைத்துவிட்டது.

"வேறு ஒன்றும் இல்லை" என்று யாரும் கேட்காமலேயே எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே நீ எதையாவது ஒளிக்கும்போதுதான் "அவ்வளவுதான்" என்பாய். என்ன அது?


ஏப்ரல் 6

அண்ணனுக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. வேலை விஷயம்.

மார்ச் 25 காம்பை வெட்டிவிட்டார்கள். மூக்கு இப்போது தன் ரத்தத்தில் தானே வாழ்கிறது. வீங்கி, சின்ன உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. மெலியும், பொறுங்கள் என்கிறார் டாக்டரம்மா. நெற்றியில் நெட்டுக்கு ஒரு தழும்பு. பக்கத்து வீட்டுக் குழந்தை "யாரு கிழிச்சாங்க?" என்று கேட்டது. அதுவாவது நேராக என்னைப் பார்த்துக் கேட்டது. மற்றவர்கள் என் தோளோடு பேசுகிறார்கள்.

டிப்போவிலிருந்து ஆள் வந்திருந்தது. ஜூன் 20 மருத்துவப் பரிசோதனை. அன்று பலகையில் கடைசி வரி எழுத்து வரை படித்து, பஸ்ஸை எடுத்து மேலாளர் பக்கத்தில் உட்கார ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தொலைந்த பொருள் அறைக்கு நிரந்தரமாக மாற்றிவிடுவார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போகிற குடைகளுக்குச் சீட்டுக் கட்டுகிற அறை. மேலாளர் கெட்டவர் இல்லை. "நிழல்ல உக்காந்து நிம்மதியா இருக்கலாம்மா" என்கிறார். கடைசிப் பெஞ்சில் யாரும் பார்க்காதபடி உட்கார வைப்பது எனக்குப் புரியாதா? அந்த நிம்மதி எனக்கு வேண்டாம். எனக்கு என் பஸ் வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மூக்கின் மேல் எதுவும் உட்காரக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உனக்கே தெரியும். மூன்று கடையில் கேட்டாயிற்று. "மூக்குல படாம மூக்குக்கண்ணாடியா?" என்று மூன்று பேரும் கையை விரித்தார்கள். மூன்றாவது ஆள், இந்த மாதிரி வேலைக்கெல்லாம் ஒருத்தர் இருக்கிறார் என்று உன் கடைக்கு வழி சொன்னான். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

முடியுமா, முடியாதா? அளவெல்லாம் என் மகள் எடுத்து அனுப்புவாள். நீ வர வேண்டாம்.

போன கடிதத்தில் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.


ஏப்ரல் 10

ராக்கெட்டு,

முடியும்.

பேட் இரண்டையும் எடுத்துவிடுகிறேன். ஃப்ரேமின் அடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பி இறங்கி, கன்னத்து எலும்பின் மேல் சிலிக்கான் திண்டில் உட்காரும். காதுக் கம்பி நேராக நிற்காது, காதைச் சுற்றி முழுக்க வளைந்து பிடித்துக்கொள்ளும். கனம் கன்னத்துக்கும் காதுக்கும் போய்விடும். மூக்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஒரு அஞ்சலட்டை தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் போடாதே. இதை டாக்டரம்மாவிடம் காட்டு, படமும் வைத்திருக்கிறேன். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் நான் கம்பியை வளைப்பேன்.

உன் மகளிடம் சொல். நீ நிமிர்ந்து உட்கார்ந்து தூரத்தில் பார்க்க வேண்டும். கருவிழியின் நடுவிலிருந்து கன்னத்து எலும்பின் உச்சி வரை ஒரு அளவு. அங்கிருந்து காதின் மேல் மடிப்பு வரை ஒரு அளவு. இரண்டு பக்கமும் தனித்தனியாக. எல்லாவற்றையும் சிரிக்காமல் ஒரு தடவை, சிரித்து ஒரு தடவை எடுக்க வேண்டும். சிரித்தால் கன்னம் ஏறும், கன்னம் ஏறினால் ஃப்ரேம் ஏறும். உனக்குச் சிரிப்பு வராவிட்டால், சின்ன வயதில் நீ டிக்கெட் கேட்டு ஒரு வாத்தைத் துரத்தின கதையை அவளைச் சொல்லச் சொல்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்


மே 2

அண்ணனுக்கு,

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, கெட்டிக்காரர்தான் என்றார். படத்தை வாங்கி மடித்துக்கொண்டேன்.

நீ அனுப்பியது வந்தது. அஞ்சலட்டை நுழைகிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகு எதிர்ச் சுவரில் இருக்கிற கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தேன். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வரை எல்லாம் நன்றாக இருந்தது. டிப்போவுக்குப் போய், நிறுத்தி வைத்திருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நேரே பார்த்தேன், நின்றது. பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற மாதிரி வலது பக்கம் தலையைத் திருப்பினேன். சரிந்து உதட்டுக்கு வந்துவிட்டது. நான்கு தடவை திருப்பினேன், நான்கு தடவையும் விழுந்தது. கடைசி தடவை திண்டு மூக்கில் உரசியது. ஓடிப்போய்க் கழிவறையில் பார்த்தேன். நிறம் மாறவில்லை. அன்று முழுக்க அரை மணிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சிரித்த அளவும் தப்புதான். வாத்துக் கதையை என் மகள் எவ்வளவோ நன்றாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சிரிச்ச மாதிரி வாயை வச்சுக்கோம்மா" என்றாள். அப்படி வைத்துக்கொண்ட அளவுதான் உனக்கு வந்தது.

நேரில் பார்க்காமல் முடியாது என்று எழுதப்போகிறாய். எழுதாதே. வேறு வழி கண்டுபிடி. ஏழு வாரம்தான் இருக்கிறது.


மே 6

ராக்கெட்டு,

நேரில் பார்க்காமல் முடியாது. உன் தலையை இரண்டு கையிலும் பிடித்து, திருப்பி, குனிய வைத்து, நிமிர்த்திப் பார்க்காமல் இதைச் செய்ய முடியாது. ஆனால் அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தெரிந்த பிறகு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நான் ஒரு அட்டை வைத்திருப்பேன், உனக்குத் தெரியும். பவர், அளவு, செய்த வேலை எல்லாம் தேதியோடு. உன் அட்டையை இதோடு அனுப்புகிறேன். நகல் இல்லை, அசல். நீயே பார். முதல் மூன்று வரி பேட் மாற்றினது. நான்காவது வரி, போன வருடம் மார்ச் 2: "வலது பேட் கழற்றியாச்சு. பத்து நாள் இப்படியே போடச் சொன்னேன்." ஐந்தாவது வரி, மார்ச் 12: "புண் அப்படியே. ரத்தம் கசிகிறது. பேட் காரணம் இல்லை."

என் கையெழுத்துதான். பேட் காரணம் இல்லை என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு, உன் பக்கம் திரும்பி, "இதைவிட மெத்துன்னு ஒண்ணு வந்திருக்கு, போட்டுப் பார்ப்போம்" என்றேன். நீயும் சரி என்றாய். அதற்குப் பிறகு பதினொரு மாதம் போயிற்று. அந்தப் பதினொரு மாதத்தில்தான் அது குருத்தெலும்பைத் தின்றிருக்கிறது.

காது மூன்று மில்லிமீட்டர் கீழே என்றெல்லாம் எழுதினேனே, அது உண்மைதான். ஆனால் அதை வைத்து ஒளிந்துகொண்டேன். டாக்டரிடம் போ என்று ஏன் சொல்லவில்லை? எனக்குத் தெரியாது என்று கடையில் நின்று சொல்லிப் பழக்கமில்லை, அது ஒன்று. இன்னொன்று, அந்த வார்த்தை. அம்மாவுக்குப் புற்று வந்தபோது, நம் வீட்டில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னவன் நான்தான். டாக்டர் என்னிடம் சொல்லி, நான் அவளிடம் சொன்னேன். திரும்பவும் ஒரு தடவை அதை என் வாயால், அதுவும் உன்னிடம், சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்று பயந்தேன். சொல்லாவிட்டால் வராது என்கிற மாதிரி நடந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில்.

வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை, கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டி வரும். கடைக்கு நீ வந்தால் வேலையைச் செய்வேன். வராவிட்டால் கன்னத்துத் திண்டு செய்யத் தெரிந்த இன்னொருவரைத் தேடிப் பிடித்து அனுப்புகிறேன்.

அண்ணன்


மே 24

அண்ணா,

அட்டை வந்த அன்று அதைக் கிழிக்கப் போனேன். என் மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். பதினெட்டு நாளாக உனக்கு என்னென்னவோ எழுதி எழுதிக் கசக்கிப் போட்டேன். நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை அதில், அதனால் உனக்கு நஷ்டமில்லை.

பதினொரு மாதம். திரும்பத் திரும்ப அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதே போயிருந்தால் இரண்டு தையலோடு முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியுமா? தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

இனி என் பக்கம். இதைச் சொல்லாமலேயே இருந்திருக்கலாம், பழி முழுக்க உன் தலையில் இருந்திருக்கும். மூன்று மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

அந்தப் பத்து நாளும் பேட் இல்லாத அந்தக் கண்ணாடியை நான் போடவே இல்லை. முதல் நாள் காலை, பெரிய திருப்பத்தில் சரிந்துவிட்டது. பஸ்ஸில் நாற்பது பேர். கழற்றிப் பையில் போட்டுவிட்டு, பேட் இருக்கிற பழைய மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஓட்டினேன். பத்தாவது நாள் உன் கடை வாசலில் நின்று மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். "போட்டியா?" என்றாய். "ம்" என்றேன். சாயங்காலம் முழுக்கக் கடையை மூடி வைத்துக்கொண்டு ஒரு பேட்டில் நிற்கிற மாதிரி நீ அதை வளைத்துச் செய்திருந்தாய், போடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆக, நீ வைத்த சோதனை சோதனையே இல்லை. என் பொய்யை நம்பி நீ சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறாய். அதையும் வாயைத் திறந்து சொல்லாமல் விட்டிருக்கிறாய். நம்மைப் போல ஜோடி எங்கே கிடைக்கும்.

ஆனால் உன்மேல் எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? நீ என்னை நம்பியதில். சின்ன வயதில் நான் பல் தேய்த்தேன் என்று சொன்னால் பிரஷ்ஷைத் தொட்டு ஈரம் பார்ப்பாயே. எப்போதிருந்து நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாய்? பேட்தான் அழுத்துகிறது என்று முதலில் சொன்னதும் நான்தான். டாக்டரிடம் போனால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். நான் சொன்னதை மறுக்க வேண்டியவன் நீ. அதற்காகத்தான் உன்னிடம் வந்தேனோ என்னவோ.

அம்மா விஷயம். நீ அவளிடம் சொன்னபோது நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நீ சொல்லி முடித்ததும் அவள் எழுந்து உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அது உனக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

உன் தப்பு தப்புதான். குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

மே 28, மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன். கடையில் யாரும் இருக்கக் கூடாது. ஐயோ என்று சொல்லக் கூடாது. அழக் கூடாது. அளவு எடு.


ஜூன் 27

ராக்கெட்டு,

நேற்று நீ கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போன வேகத்தில் வாசல் பலகை கீழே விழுந்துவிட்டது. திரும்ப மாட்டிவிட்டேன். போனில் இப்போது என் எண்ணைத் தடுக்கவில்லை என்றாலும் நீ எடுக்கவில்லை. மறுபடியும் கடிதம்.

முதலில் ஒன்று. ஜூன் 20 அன்று பலகையில் கடைசி வரி வரை படித்து, பஸ்ஸைப் பெரிய திருப்பத்தில் நிறுத்தாமல் எடுத்தாய் என்று உன் மகள் சொன்னபோது, கடையில் இருந்த வாடிக்கையாளர் எதிரிலேயே அழுதுவிட்டேன். அவர் தன் பவர் அவ்வளவு ஏறிவிட்டதா என்று பயந்துபோனார்.

மே 28 நீ வந்த அன்று கடையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளை எல்லாம் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். நீ வந்து உட்கார்ந்ததும், "எல்லாத்தையும் திருப்பு" என்றாய். திருப்பினேன். உன் முகத்தைக் கையில் பிடித்தபோது எனக்கு மனப்பாடமாக இருந்த அளவு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. புதிதாக ஒருவரைப் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தேன். இனி உன்னை அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நேற்று அப்படித்தான் பார்த்தேன். காது வலிக்கிறது, கம்பியைக் கொஞ்சம் தளர்த்து என்று வந்தாய். முடியை ஒதுக்கிப் பார்த்தால், வலது காதுக்குப் பின்னால் சிவப்பாக, நடுவில் குழிந்து, ஓரத்தில் பக்குக் கட்டி ஒரு புண். இடது காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. என் கையிலிருந்த குறடை மேஜையில் வைத்துவிட்டேன்.

"இதை நான் தொட மாட்டேன். டாக்டர்கிட்ட காட்டு."

"கம்பிதான் அழுத்துது. அவ்வளவுதான்."

"ஒரு பக்கம் மட்டும் ஏன்?"

"என் காது மூணு மில்லிமீட்டர் கீழே. நீதானே சொன்ன?"

"சொன்னேன். இருந்தாலும் காட்டு. புத்துநோயா இருக்கலாம்."

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன். உன் முகம் மாறியதைப் பார்த்தேன். வேலைக்குத் திரும்பி ஆறே நாள் ஆகியிருக்கிறது, அதற்குள் இவன் இப்படிச் சொல்கிறானே என்று நீ நினைத்தது எனக்குத் தெரிகிறது. நேற்றுக் கத்தின மாதிரி இன்னும் கத்து. வருடக் கணக்கில் என்னோடு பேசாமல் இரு. ஆனால் காட்டு. நாளைக்கே காட்டு. போனேன் என்று எழுதினால் நம்ப மாட்டேன். சீட்டை அனுப்பு.

அட்டையில் நேற்றைய தேதி போட்டு எழுதியிருக்கிறேன்: "வலது காதின் பின்னால் புண். காரணம் எனக்குத் தெரியாது. டாக்டரிடம் போகச் சொன்னேன்."

அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

மறுநாள் போகவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் போனேன். அந்த மூன்று நாளும் முதல் பஸ்ஸை நான்தான் எடுத்தேன். கடைசித் தடவையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தி நிதானமாக ஓட்டினேன். தாமதம் என்று திட்டு வாங்கினேன்.

டாக்டரம்மா பெரிய விளக்கைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "உங்க கதையை வச்சுக்கிட்டு நான் கண்ணால பார்த்துச் சொல்ல மாட்டேன்" என்று ஒரு துணுக்கு வெட்டி அனுப்பினார். முடிவு வர எட்டு நாள். உன்மேல் இருந்த கோபம் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது, அதற்கப்புறம் வெறும் பயம்தான். என் மகள் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். உனக்குப் போன் செய்யலாம் என்று பல தடவை எடுத்தேன். குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

இன்று காலை முடிவு வந்தது. நம்ப மாட்டேன் என்றாயே, சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார். முதல் வரியை மட்டும் நானே எழுதிவிடுகிறேன், நீ சீட்டைத் தேடிப் பிரிக்கிற நேரம்கூடப் பயப்பட வேண்டாம். புற்று இல்லை. இறுக்கமான கம்பி தொடர்ந்து அழுத்தியதால் வந்த புண்.

டாக்டரம்மா என் மூக்குக்கண்ணாடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூக்கைக் காப்பாத்த காதை இறுக்கிட்டார். கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்க" என்றார். நான் அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. நெற்றித் தழும்பு இழுத்தது, கன்னம் ஏறியது, ஃப்ரேமும் கூடவே ஏறியது. கீழே விழவில்லை. நீ எடுத்த அளவு சரிதான்.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு ஓய்வு. வருகிறேன். குறடை எடுத்து வை. அட்டையையும் எடுத்து வை, அடுத்த வரியை என் கையால் எழுத வேண்டும்: "கம்பிதான் காரணம்."

ராக்கெட்டு